கை மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையை இழந்த ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்த கொடையாளரின் கையைப் பொருத்தும் அறுவை சிகிச்சை பல மணி நேரம் நீளும் என்றாலும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடுகிறது. பொருத்திய கையைப் பயன்படும் கையாக ஆக்கும் வேலையோ ஓராண்டு, இரண்டாண்டு, சிலருக்கு அதற்கும் மேல் நீள்கிறது. கீழே உள்ள கேள்வி பதில்கள் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியவை. இங்கே சொல்லப்படும் கால அளவுகள் பொதுவானவை. எலும்பு எங்கே வெட்டி இணைக்கப்பட்டது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் எவ்வாறு தைக்கப்பட்டன என்பதைப் பொறுத்து அவை மாறும் என்பதால், உங்கள் மருத்துவக் குழு வகுத்துத் தரும் அட்டவணையே இறுதியானது.

அறுவை சிகிச்சை முடிந்ததும் புதிய கை அசையுமா?

ஓரளவு அசையும், ஆனால் எதையும் உணராது. விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து புறப்படும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்கள் வரை ஓடுகின்றன. மணிக்கட்டுக்குச் சற்று மேலே கை பொருத்தப்படும்போது, பெறுநரின் சொந்தத் தசைகளோடு கொடையாளரின் தசைநாண்கள் இணைக்கப்படுகின்றன. அந்தத் தசைகளுக்கு நரம்புத் தொடர்பு ஏற்கெனவே இருப்பதால், தொடக்க வாரங்களிலேயே விரல்கள் லேசாக மடங்குவதைக் காண முடியும். இதைப் பார்த்துக் குடும்பத்தினர் பூரித்துப்போவது இயல்புதான். ஆனால் அதே விரலை ஊசியால் குத்தினாலும் பெறுநருக்குத் தெரியாது. உள்ளங்கைக்குள்ளேயே அமைந்திருக்கும் சிறு தசைகளும் செயலற்றே கிடக்கும். அவற்றுக்கான நரம்பு இழைகள் இனிமேல்தான் வளர்ந்து வந்து சேர வேண்டும்.

அந்த நரம்புகள் வளர எவ்வளவு காலம் ஆகும்?

இந்த மறுவாழ்வு முழுவதையும் ஆளுகின்ற கணக்கு இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பொருத்தப்பட்ட கையின் நரம்புகளுக்குள் இருந்த இழைகள் அழிந்து, அவற்றைச் சூழ்ந்திருந்த உறைகள் மட்டுமே எஞ்சுகின்றன. பெறுநரின் வெட்டப்பட்ட நரம்பு முனையிலிருந்து புதிய இழைகள் முளைத்து, அந்த உறைகளுக்குள் ஊர்ந்து விரல்களை நோக்கிச் செல்கின்றன. வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இணைப்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருந்தால் நடுவிரல் நுனி வரை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தொலைவு இருக்கும். ஆக, வளர்ச்சி தொடங்குவதற்கு ஆகும் சில வாரங்களையும் சேர்த்தால் ஏழெட்டு மாதங்கள் பிடிக்கும். முழங்கைக்கு மேலே பொருத்தப்பட்ட கைக்கு இதே கணக்கைப் போட்டால் ஒன்றரை ஆண்டைத் தாண்டிவிடுகிறது.

தொலைவு கூடக்கூட இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நரம்புத் தொடர்பு இல்லாமல் நெடுங்காலம் கிடக்கும் தசை மெல்ல மெல்ல நலிந்து, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளும் திறனை இழந்துவிடுகிறது. ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் நரம்பு வந்து சேராத சிறு தசைகளிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. மேற்கையில் பொருத்தப்பட்டவர்களுக்கு முழங்கை நன்றாக மடங்கியும் விரல்களின் நுண்ணிய அசைவு குறைவாகவே இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். இருவருடைய முன்னேற்றத்தை ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது, கை எந்த மட்டத்தில் பொருத்தப்பட்டது என்பதைத்தான்.

நரம்பு வளர்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

சிகிச்சையாளர் நரம்பின் பாதையில் கீழிருந்து மேலாகத் தம் விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் தட்டும்போது சுரீரென்று ஒரு கூச்சம் விரல்களை நோக்கிப் பாயும். வளரும் இழைகளின் முனை அந்த இடம் வரை வந்திருக்கிறது என்று பொருள். இதை டினல் அறிகுறி என்பார்கள். இணைப்புத் தழும்பிலிருந்து அந்த இடம் எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துக்கொள்வார்கள். மாதத்துக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில் அது நகர்ந்துகொண்டிருந்தால், வெளியே வேறு எந்த மாற்றமும் தெரியாவிட்டாலும், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. பல பெறுநர்கள் இந்த அளவீட்டு நாளுக்காகவே காத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் வேறு நற்செய்தி எதுவும் வராத காலத்தில் அது வியப்பில்லை.

தசைகளுக்கு நரம்பு வந்து சேர்ந்ததா என்பதை ஊசி முனையால் தசையின் மின் செயல்பாட்டைப் பதிவு செய்யும் சோதனையால் அறியலாம். கண்ணுக்கு அசைவு தெரிவதற்கு முன்பே அந்தச் சோதனையில் அறிகுறி தென்படுவதுண்டு.

பயிற்சி எப்போது தொடங்குகிறது?

இரத்த ஓட்டம் சீராக இருப்பதை உறுதி செய்தவுடன், பெரும்பாலான மையங்களில் முதல் சில நாட்களுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. தொடக்கத்தில் பெறுநர் தாமாக எதையும் வலுவாக அசைக்கக் கூடாது. சிகிச்சையாளர் ஒவ்வொரு விரல் மூட்டையும் தாமே மெல்ல மடக்கி நீட்டுவார். தைக்கப்பட்ட தசைநாண்கள் முதல் சில வாரங்கள் வலுவற்றிருக்கும். சட்டென்று இழுத்தால் அறுந்துவிடும். அதற்காக அசைக்காமலே விட்டாலோ, தசைநாண்கள் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொண்டு, மூட்டுகள் இறுகி, பிற்பாடு எந்தப் பயிற்சியாலும் மீட்க முடியாத விறைப்பு ஏற்படும். அறுந்தும் போகாமல் ஒட்டியும் போகாமல் அந்த வாரங்களைக் கடத்துவதில்தான் கைச் சிகிச்சையாளரின் திறமை இருக்கிறது.

சில வாரங்களில், கட்டுப்பாட்டுக்குள் தாமாகவே விரல்களை அசைக்கும் பயிற்சி சேர்க்கப்படும். எதிர்ப்பைக் கொடுத்து வலுவூட்டும் பயிற்சிகள் பொதுவாக இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு, எலும்பு கூடியிருப்பது எக்ஸ்ரேயில் உறுதியானபின் வரும். அதுவரை அந்தக் கையை ஊன்றி எழுவதோ, பை தூக்குவதோ கூடாது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி தேவை?

முதல் மாதங்களில் வாரத்தில் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வரை என்று வகுத்திருக்கும் மையங்கள் உண்டு. இது ஏறக்குறைய முழுநேர வேலை. அதனாலேயே முதல் மூன்று மாதங்களாவது மருத்துவமனைக்கு அருகில் தங்க வேண்டும் என்று பலரும் வற்புறுத்துகிறார்கள். பிறகு மேற்பார்வையில் செய்யும் நேரம் குறைந்து, வீட்டிலேயே செய்யும் நேரம் கூடும்.

இவ்வளவு நேரத்தை ஒதுக்க முடியாதவர், அவருடைய சூழ்நிலை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், இந்த அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே நல்லது. கை மாற்றுக்குத் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மனநல மதிப்பீடும் குடும்ப ஆதரவு பற்றிய விசாரணையும் நடப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல.

ஸ்பிளிண்ட் ஏன் இத்தனை வகையாக மாறிக்கொண்டே இருக்கிறது?

கையையும் விரல்களையும் வேண்டிய நிலையில் பிடித்துவைக்கும் தாங்கியே ஸ்பிளிண்ட். ஒவ்வொரு கட்டத்திலும் அதன் வேலை வேறு. முதல் வாரங்களில் கையின் புறப்பக்கத்தில் பொருத்தப்படும் ஸ்பிளிண்ட், மணிக்கட்டும் விரல்களும் அளவுக்கு மீறி நீண்டோ மடங்கியோ தையல்களை இழுத்துவிடாமல் காக்கிறது. அடுத்து வருவது அசையும் ஸ்பிளிண்ட். இதில் விரல்கள் ரப்பர் இழைகளில் மாட்டப்பட்டிருக்கும். பெறுநர் விரலை ஒரு பக்கம் அசைத்தால் இழை அதை மறுபக்கம் திருப்பிக் கொண்டுவந்துவிடும். இதனால் ஒரு தசைநாணுக்கு ஓய்வும் மற்றதற்கு வேலையும் கிடைக்கின்றன.

மூன்றாவது வகைதான் நெடுநாள் கூடவே இருப்பது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலற்றிருக்கும் காலத்தில் விரல்களின் அடி மூட்டுகள் பின்னோக்கி வளைந்து, நடு மூட்டுகள் மடங்கி, கை நகம் போல் கொக்கியாகிவிடும் போக்கு உண்டு. அடி மூட்டுகளைச் சற்று மடக்கிய நிலையில் பிடித்துவைக்கும் ஸ்பிளிண்ட் இதைத் தடுக்கிறது. சிறு தசைகள் விழித்துக்கொள்ளும் வரை, அதாவது ஓராண்டு அல்லது அதற்கு மேலும், குறிப்பாக இரவில், இதை அணியும்படி சொல்வார்கள். பகல் முழுவதும் உழைத்துப் பெற்ற அசைவை ஸ்பிளிண்ட் அணியாத இரவுகள் சிறுகச் சிறுகத் திருப்பி எடுத்துக்கொண்டுவிடும்.

எந்த ஸ்பிளிண்டானாலும், கழற்றும் ஒவ்வொரு முறையும் தோலை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உணர்வு இல்லாத தோலில் பட்டை அழுத்திப் புண்ணானாலும் வலி எச்சரிக்காது. கழற்றி அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால் ஸ்பிளிண்டைத் திருத்த வேண்டும்.

கை வீங்கியே இருக்கிறதே, இது சரியாகுமா?

திசுக்களில் சேரும் நீரை வடிக்கும் நிணநீர் நாளங்கள் தைக்கப்படுவதில்லை. அவை தாமாகவே மீண்டும் வழி கண்டுகொள்ள வேண்டும் என்பதால் தொடக்க மாதங்களில் வீக்கம் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே. கையை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைப்பதும், அனுமதிக்கப்பட்ட அளவில் விரல்களை அசைப்பதும் முதன்மையான மருந்து. அழுத்தக் கட்டுகளை நீங்களாகவே வாங்கிச் சுற்றிக்கொள்ள வேண்டாம். புதிதாக இணைக்கப்பட்ட இரத்த நாளங்களின் மேல் விழும் அழுத்தத்தை அளவறிந்து கொடுக்கத் தெரிந்தவர் சிகிச்சையாளர் மட்டுமே. அடங்கி வந்த வீக்கம் திடீரென்று கூடினால் அதை வேறு கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். பொருத்திய கையை உடல் அந்நியமாகக் கருதித் தாக்கும் நிராகரிப்பு பற்றிய கேள்வியில் அது வருகிறது.

புகைபிடிக்கலாமா?

கூடாது. நிகோட்டின் இரத்த நாளங்களைச் சுருக்கும். அருகில் இருப்பவர்கள் விடும் புகையையும் தவிர்க்க வேண்டும்.

உணர்வு எந்த வரிசையில் திரும்பும்?

முதலில் திரும்புவது தற்காப்பு உணர்வு, அதாவது வலி, சூடு, குளிர். அதன்பின் அசையும் தொடுதல், ஓரிடத்தில் நிலையாக நிற்கும் தொடுதல் என்று வந்து, கடைசியாகத்தான் இரண்டு முனைகளைத் தனித்தனியாகப் பிரித்தறிவது, பார்க்காமலே பொருளை அடையாளம் காண்பது போன்ற நுண்ணுணர்வு வரும். கை மாற்றங்களைப் பதிவு செய்யும் சர்வதேசப் பதிவேட்டின் 2010 அறிக்கை 33 பெறுநர்களின் 49 கைகளைப் பற்றியது. அவர்கள் அனைவருக்கும் தற்காப்பு உணர்வு திரும்பியிருந்தது. ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்குத் தொடுவுணர்வும், 82 சதவீதத்தினருக்கு ஓரளவேனும் பிரித்தறியும் உணர்வும் வந்திருந்தன. சில பெறுநர்களுக்குப் புதிய கையில் வியர்வை சுரப்பதும் திரும்புகிறது. மெல்லிய நரம்பு இழைகள் தோலைச் சென்றடைந்ததற்கு அது ஓர் அடையாளம்.

இந்த உணர்வு தானாகவே தெளிவாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். வளரும் இழைகளில் பல, பழைய இழைகள் சென்ற அதே இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆள்காட்டி விரலுக்கு உரிய இழை நடுவிரலில் போய் முடியலாம். ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்டதாகத் தோன்றுவது இதனால்தான். மூளைக்கு இந்தப் புதிய வரைபடத்தைக் கற்றுக்கொடுப்பதே உணர்வு மறுபயிற்சி. சிகிச்சையாளர் பென்சிலின் அழிப்பான் முனையால் விரலில் ஓரிடத்தைத் தொடுவார். பெறுநர் முதலில் கண்ணால் பார்த்து உணர்வார், பிறகு கண்ணை மூடி அதே தொடுதலை உணர்ந்து இடத்தைச் சொல்வார், மீண்டும் கண்ணைத் திறந்து சரிபார்ப்பார். அடுத்த கட்டத்தில் அரிசி, பஞ்சு, உப்புத்தாள், துணி என்று பரப்பின் தன்மையைப் பிரித்தறிவதும், மூடிய பைக்குள் கைவிட்டுச் சாவியா நாணயமா என்று சொல்வதும் வரும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, கவனம் சிதறாமல் பத்து நிமிடம் வீதம் நாளில் பலமுறை செய்வது பலன் தரும்.

முன்னேற்றத்தை அளக்க, வெவ்வேறு தடிமன் கொண்ட நைலான் இழைகளைத் தோலில் அழுத்திப் பார்க்கும் சோதனை பயன்படுகிறது. எவ்வளவு மெல்லிய இழையை உணர முடிகிறதோ அவ்வளவு நுட்பமாக உணர்வு வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

உணர்வு வராத காலத்தில் என்ன கவனம் தேவை?

தீக்காயமும் வெட்டுக்காயமும்தான் பெரிய ஆபத்துகள். சூடான பாத்திரத்தைத் தொட்டபடி பேசிக்கொண்டிருந்துவிட்டு, கொப்புளத்தைப் பார்த்த பிறகே தெரிந்துகொள்ளும் நிலை ஏற்படக் கூடாது. தண்ணீரின் சூட்டை மறு கையாலோ, இரு கைகளும் மாற்றப்பட்டிருந்தால் முழங்கையாலோ உடலின் உணர்வுள்ள வேறு பகுதியாலோ முதலில் சோதிக்க வேண்டும். நகம் வெட்டுவதையும் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளை உட்கொள்பவருக்குச் சிறு கீறலும் பெரிய தொற்றாக மாறக்கூடும்.

கண்ணாடியின் முன் பயிற்சி செய்யச் சொல்வது எதற்காக?

கை இழந்தபின் மூளையில் அதற்கென இருந்த பகுதியைப் பக்கத்து உறுப்புகளின் பகுதிகள் ஆக்கிரமித்துக்கொள்கின்றன. பிரான்சின் லியோன் நகரில் இரு கைகளும் மாற்றப்பட்ட பெறுநரின் மூளையைப் படம் எடுத்து ஆராய்ந்தவர்கள், மாதங்கள் செல்லச் செல்ல அந்தப் பகுதி மீண்டும் கைக்கே திரும்பியதை 2001இல் அறிவித்தார்கள். மூளை தன் வரைபடத்தைத் திருத்திக்கொள்ளக்கூடியது என்பதற்கு அது வலுவான சான்று.

கண்ணாடிப் பயிற்சி அந்தத் திருத்தத்துக்கு உதவுகிறது. ஒரு கை மட்டும் மாற்றப்பட்டவர், இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நலமான கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் ஒரே விதமாக அசைக்க முயல்வார். பிம்பத்தில் தெரியும் கச்சிதமான அசைவைப் புதிய கையே செய்வதாக மூளை எடுத்துக்கொள்கிறது. இரு கைகளையும் இழந்திருந்தவர்கள் கற்பனையில் அசைவைச் செய்து பார்ப்பது, வலது கைப் படமா இடது கைப் படமா என்று விரைந்து பிரித்தறிவது போன்ற பயிற்சிகளைச் செய்வார்கள். இவற்றை அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்கலாம்.

மருந்துகள் பயிற்சியைப் பாதிக்குமா?

உடல் புதிய கையை நிராகரிக்காதிருக்க அதன் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகள் தேவை. பெரும்பாலும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு ஆகியவை சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. இவற்றில் டாக்ரோலிமஸ் நரம்பு வளர்ச்சியை விரைவுபடுத்துவதாக விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேண்டாத விளைவுகளையே அடுக்கிக்கொண்டு போகும் ஒரு மருந்தில் இப்படியொரு நற்பலன் இருப்பது ஆறுதல். மறுபுறம், அதே மருந்து சிலருக்கு விரல் நடுக்கத்தை உண்டாக்கி நுண்ணிய பயிற்சிகளைக் கடினமாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டும். ஸ்டீராய்டு எலும்பையும் தசையையும் மெலியச் செய்யும். ஆகவே இரத்தப் பரிசோதனைகள் பயிற்சி அட்டவணையின் ஒரு பகுதியாகவே நடக்கும்.

மருந்தை ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். பம்பளிமாசுடன் உறவுடைய கிரேப்ஃபுரூட் போன்ற பழங்கள் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும் என்பதால் தவிர்க்க வேண்டும். வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போதும் குழுவைக் கேட்காமல் வாங்கக் கூடாது. உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் கூடாது. தோல் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு கூடுவதால் வெயிலிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும். மைக்கோஃபினோலேட் கருவைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

நிராகரிப்பை எப்படி அறிவது? அப்போது பயிற்சியை நிறுத்த வேண்டுமா?

கையின் திசுக்களில் உடலின் எதிர்ப்பை மிகுதியாகத் தூண்டுவது தோல். அது ஒரு வகையில் நன்மையே. சிறுநீரகத்தில் நடக்கும் நிராகரிப்பு கண்ணுக்குத் தெரியாது, கையில் நடப்பது தெரியும். சிவந்த திட்டுகள், புள்ளி புள்ளியான தடிப்பு, காரணமின்றிக் கூடும் வீக்கம், நகங்களைச் சுற்றி மாற்றம் ஆகியவற்றைத் தினமும் தேட வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் உள்ளங்கையையும் புறங்கையையும் படம் எடுத்து வைத்திருந்தால், மாற்றம் உண்மையானதா, மனப்பிரமையா என்ற ஐயம் எழாது.

உணர்வு பற்றிய கேள்வியில் குறிப்பிட்ட 2010 அறிக்கையில், 85 சதவீதப் பெறுநர்களுக்கு முதலாண்டில் ஒரு முறையேனும் கடுநிராகரிப்பு, அதாவது திடீரென்று தோன்றும் நிராகரிப்பு, ஏற்பட்டிருந்தது. ஆகவே அது ஏற்பட்டால் எல்லாம் முடிந்துபோனதாக எண்ணி உடைந்துபோகத் தேவையில்லை. தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பயாப்ஸி செய்து, நிராகரிப்பின் தீவிரத்தைத் தரப்படுத்தி, ஸ்டீராய்டின் அளவைக் கூட்டியோ வேறு மருந்து சேர்த்தோ பெரும்பாலும் அடக்கிவிடுகிறார்கள். ஒரு நாள் காத்திருந்து பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அந்த நாட்களில் பயிற்சியின் கடுமையைக் குறைப்பார்கள். ஆனால் மூட்டுகள் இறுகாதிருக்க மெல்லிய அசைவுகள் தொடரும். உள்ளங்கையில் ஓயாமல் உராய்வும் அழுத்தமும் படும் வேலைகள், அங்கே மட்டும் தோன்றும் ஒரு வகை நிராகரிப்போடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கின்றன. கடப்பாரை, சுத்தியல் போன்ற கருவிகளோடு வேலை செய்ய விரும்புவோர் இதைக் குழுவிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கை என்னுடையது என்ற எண்ணம் வருமா?

பலருக்கு வருகிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அசைவும் உணர்வும் திரும்பும்போது அந்நியத்தன்மை குறைகிறது என்பதே பெரும்பாலோரின் அனுபவம். முதல் கட்டுப் பிரிக்கும்போது கையைப் பார்க்க மறுப்பதும், இறந்தவரை எண்ணிக் கலங்குவதும், தோல் நிறமோ விரலின் பருமனோ வேறுபடுவதைக் கண்டு சங்கடப்படுவதும் கோளாறுகள் அல்ல. இவற்றை வாய்விட்டுப் பேச வேண்டும். மனநல ஆலோசகர் குழுவில் இருப்பது அதற்காகத்தான்.

1998 செப்டம்பரில் லியோனில் ஒரு கை மாற்றம் பெற்ற வேறொருவர் காலப்போக்கில் மருந்துகளையும் பயிற்சியையும் கைவிட்டார். கை மனத்தளவிலும் தம்மிடமிருந்து விலகிப்போனதாகச் சொன்னார். 2001இல் அவருடைய வேண்டுகோளின்படியே அது அகற்றப்பட்டது. 1999 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் கை பெற்றவரோ 20 ஆண்டுகளைக் கடந்தும் அதைப் பயன்படுத்தி வந்தார். இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கும் இடையே நான்கே மாதங்கள்தான்.

குடும்பத்தினர் எந்த அளவுக்கு உதவலாம்?

மருந்து நேரம், ஸ்பிளிண்ட், தோல் பரிசோதனை, போக்குவரத்து ஆகியவற்றில் தாராளமாக உதவலாம். சட்டைப் பொத்தான் போடுவது, சோறு பிசைந்து ஊட்டுவது போன்றவற்றில், சிகிச்சையாளர் அனுமதித்த கட்டம் வந்தபின், கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கற்க வேண்டும். ஒரு பொத்தானுக்குப் பத்து நிமிடம் ஆனாலும் அது பயிற்சியே. நலமான மறு கை இருப்பவர்கள் எல்லாவற்றையும் அதனாலேயே செய்து முடித்துவிடும் பழக்கத்துக்கும் இது பொருந்தும். வீட்டார் அன்போடு நினைவூட்டலாம், நச்சரிக்க வேண்டாம்.

இறுதியில் என்னென்ன செய்ய முடியும்?

உண்பது, உடுத்துவது, பல் துலக்குவது, எழுதுவது, கதவைத் திறப்பது, தொலைபேசியைப் பயன்படுத்துவது, சிலருக்கு வாகனம் ஓட்டுவது ஆகியவை எட்டக்கூடிய இலக்குகள். பிறவிக் கையின் பிடிவலிமையும் விரைவும் திரும்புவதில்லை. 2015 ஜூலையில் பிலடெல்பியாவில் இரு கைகளும் பொருத்தப்பட்ட எட்டு வயதுச் சிறுவன், ஒன்றரை ஆண்டுக்குள் எழுதவும் தானே உண்ணவும் உடுத்தவும் தேர்ந்ததோடு, பேஸ்பால் மட்டையையும் வீசினான். பிள்ளைகளின் நரம்பும் மூளையும் விரைந்து பழகுபவை என்பதால், பெரியவர்கள் அவனோடு தங்களை ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். முதல் ஆண்டில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். பிறகு வேகம் குறைந்தாலும் பல ஆண்டுகள் தொடரும்.

மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

சிலருக்குத் தேவைப்படும். ஒட்டிக்கொண்ட தசைநாண்களை விடுவிப்பது, தொய்ந்த தோலைச் சீராக்குவது, பெருவிரல் மற்ற விரல்களின் எதிரே வரும்படி வேறு தசைநாணைத் திருப்பி இணைப்பது போன்றவை வழக்கமானவை. முதல் அறுவை சிகிச்சை தவறிவிட்டதாக இவற்றை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொன்றின் பிறகும் சில வாரப் பயிற்சி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கைரேகை என்ன ஆகும்?

கொடையாளரின் ரேகையே நிலைத்திருக்கும். விரல் ரேகையால் திறக்கும் கைபேசி, அடையாள ஆவணம், அலுவலக வருகைப் பதிவு ஆகியவற்றில் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். முதல் மாதங்களில் வீக்கமும் தோல் உரிதலும் இருப்பதால் அவை அடங்கியபின் பதிவது நல்லது. மருத்துவமனையிடமிருந்து ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் விளக்கம் சொல்லும் சிரமம் குறையும்.

கை நிலைக்காமல் போனால் என்ன செய்வார்கள்?

அடங்காத நிராகரிப்பாலோ, இரத்த நாளங்களின் உட்சுவர் ஆண்டுக்கணக்கில் தடித்து அடைபடும் நாட்பட்ட நிராகரிப்பாலோ, உயிருக்கு ஆபத்தான தொற்றாலோ கையை அகற்ற நேரலாம். அதன்பின் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளை நிறுத்த முடியும். வேறு உறுப்பும் மாற்றப்பட்டவர்களுக்கு மட்டும் அவை தொடரும். கையைப் பொருத்தும்போதே இந்த நிலையை மனத்தில் வைத்து, பெறுநரின் சொந்தக் கையின் நீளத்தை இயன்றவரை குறைக்காமல் அறுவை சிகிச்சை நிபுணர்கள் திட்டமிடுகிறார்கள். எனவே முன்பு செயற்கைக் கையைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் அதற்குத் திரும்ப முடிகிறது. புண் ஆறியதும் அளவெடுப்பும், அதற்கான தசைப் பயிற்சியும் தொடங்கும்.